பெயர் வெட்டுப்பட்டவர் சட்டம் படிக்கலாமா?

உயர்தரப் பெறுபேறு வெளிவரும் கிழமையில் எனக்கு வரும் அழைப்புகளில் ஒன்றாவது இப்படித் தொடங்கும்: "அண்ணை, நான் லோ படிக்க யோசிக்கிறன். ஆனா பள்ளிக்கூடத்திலை ஒரு சின்னப் பிரச்சினை நடந்தது." அதோடு குரல் தணிந்துவிடும். பக்கத்தில் அம்மா நிற்கிறா என்று விளங்கிக்கொள்வேன்.

அந்தச் சின்னப் பிரச்சினை ஒரு கைகலப்பாக இருக்கும். பரீட்சை மண்டபத்தில் பிடிபட்ட துண்டுக் கடதாசியாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் பகிடிவதை விசாரணையாக இருக்கும். சில வேளை பொலிஸ் நிலையத்தில் கழிந்த ஓர் இரவாகவும் இருக்கும். கேட்பவர் என் வாயிலிருந்து எதிர்பார்ப்பது "அதை ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்ற ஆறுதலை, அல்லது "இனிச் சரிவராது" என்ற தீர்ப்பை. நான் முதலில் கேட்பது வேறு: "அந்தக் கடதாசி உம்மட்டை இருக்கோ?" அதாவது, அன்று நடந்ததையும் தந்த தண்டனையையும் பதிந்த தாள். பெரும்பாலும் இருக்காது.

என்னிடமும் இருக்கவில்லை. 2011இல் உயர்தர முதலாம் ஆண்டில், ஒரு கிரிக்கெட் போட்டி முடிந்து வெளியேறும்போது மற்றப் பாடசாலை மாணவன் ஒருவனை அடித்தேன். அதிபர் அப்பாவைக் கூப்பிட்டு, "ரெண்டு கிழமை இவரை வீட்டை வைச்சிருங்கோ" என்றார். ஊர் முழுக்க என்னை சஸ்பெண்ட் பண்ணிவிட்டார்கள் என்றே பேச்சு. நானும் அதையே நம்பினேன். நாலு வருஷம் கழித்து, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆயத்தமானபோது "பாடசாலையிலிருந்து இரு வாரங்கள் இடைநிறுத்தப்பட்டேன்" என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். பிறகு ஒரு மூத்த சட்டத்தரணி சொன்னதால் பாடசாலைக்குப் போய் லொக் புத்தகத்தை, அதாவது பாடசாலையில் நடப்பவற்றைப் பதியும் புத்தகத்தை, பார்த்தேன். அதில் இருந்தது: பெற்றோர் அழைக்கப்பட்டார், மாணவன் எச்சரிக்கப்பட்டான், இரு வாரம் வீட்டில் நிற்குமாறு அறிவுறுத்தப்பட்டது. இடைநிறுத்தம் என்ற சொல்லே இல்லை. ஒருவரும் தராத தண்டனையை நானே எனக்கு விதித்து எழுதியிருந்தேன்.

அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: "உடைந்த கதிரைக்கான ரூபா 1,500 இன்னும் செலுத்தப்படவில்லை." கதிரை உடைந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா கட்டியிருக்கவும் வழியில்லை, ஏனென்றால் அவருக்கும் அது தெரியாது. அன்றே கட்டி, பற்றுச்சீட்டு வாங்கி, அதையும் கோப்பில் வைத்தேன்.

இந்த வழிகாட்டியின் ஒழுங்கு அங்கிருந்துதான் வந்தது. முதலில் கடதாசி, பிறகு எழுத்து, கடைசியில் விண்ணப்பம். எங்கள் பிள்ளைகள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

யார், எப்போது கேட்பார்கள்

வழியைத் தெரிந்துகொள்ளாமல் பயப்படுவதில் பயனில்லை. இலங்கையில் சட்டத்தரணியாவதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, சட்டமாணிப் பட்டம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை, கொழும்பு, பேராதனை, அல்லது வேலை செய்துகொண்டே படிக்க விரும்புபவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம். மற்றது, நுழைவுப் பரீட்சை எழுதி நேரே இலங்கைச் சட்டக் கல்லூரிக்குப் போவது. பட்டம் எடுத்தவர்களும் சட்டத்தரணியாக வேண்டுமென்றால் கடைசியில் 1874இல் தொடங்கிய அதே சட்டக் கல்லூரியின் வாசலை மிதிக்கத்தான் வேண்டும். அதன் பிறகு ஒரு சட்டத்தரணியிடம் பயிலுநர் காலம், பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றத்தைத்தான் உயர் நீதிமன்றம் என்கிறோம்.)

யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களுக்கான அனுமதி, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிறது. இசட் புள்ளிக்கு உங்கள் குணம் தெரியாது. அதனால் அந்த முதல் வாசலில் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் விட்டவுடன், "விஷயம் முடிஞ்சுது" என்று பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். விஷயம் முடிவது உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடையில். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, நற்பெயரும் தகுந்த அறிவும் ஆற்றலும் உடையவர்களைச் சட்டத்தரணிகளாக உயர் நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. வரிசையைக் கவனியுங்கள். நற்பெயர் முதலில் நிற்கிறது, பரீட்சையில் தெரியவரும் அறிவு அதற்குப் பின்னால்.

சட்டப் படிப்புத் தொடங்கும் நாளிலிருந்து அந்தப் பிரமாண நாள் வரை நாலைந்து மேசைகளில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு கதை சொன்னால், அந்தத் தாள்கள் எங்கோ ஓரிடத்தில் ஒன்றையொன்று சந்திக்கும். ஆகவே ஒரே கதையை ஒரு தடவை சரியாக எழுதி வைத்துக்கொள்வதுதான் இந்த முழு வேலையும்.

கடதாசியை எடுங்கள்

பாடசாலை விவகாரமென்றால் முதலில் நேரே போங்கள். அதிபரிடமோ பிரதி அதிபரிடமோ, "சட்டம் படிக்கப் போறன் சேர், என்னைப் பற்றி என்ன பதிஞ்சிருக்கு எண்டு தெரிய வேணும்" என்று மரியாதையாகக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் லொக் புத்தகத்தைத் திறந்து காட்டுவார்கள். விடுகைப் பத்திரத்தையும் நற்சான்றிதழையும் எடுத்து வாசியுங்கள். அவற்றில் "விலகியதற்கான காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனையோ பேர் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா வாங்கி வந்து அலுமாரியில் வைத்ததோடு சரி.

நேரே கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நான் அலைந்த காலத்தில் அது இல்லை. தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. யாரிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் எங்கள் ஆட்கள் ஒரு மாதத்தை வீணாக்குவார்கள். தேசிய பாடசாலையென்றால் அது மத்திய கல்வி அமைச்சின் கீழ். மாகாணப் பாடசாலையென்றால் உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் தொடங்குங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

பழைய பதிவே இல்லாமல் போன பாடசாலைகளும் உண்டு. 1995 இடப்பெயர்வில் புத்தகங்களை இழந்த இடங்களைச் சொல்கிறேன். நாற்பது வயது கடந்து திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க வரும் ஒருவருக்கு இது உண்மையான பிரச்சினை. அப்படியென்றால் "இக்காலப் பதிவேடு எம்மிடம் இல்லை" என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். உங்கள் விளக்கத்தில் "பதிவு கிடைக்கவில்லை, என் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பொதுப் பரீட்சையில் பிடிபட்டவர்கள் பரீட்சைத் திணைக்களம் அனுப்பிய கடிதத்தைத் தேட வேண்டும். 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்தின் கீழான விவகாரம் அது. பெறுபேறு இரத்தானதா, தடை போட்டார்களா, தடை எந்தத் திகதியில் முடிகிறது? முடிவுத் திகதியை எழுத்தில் வைத்திருங்கள். "ரெண்டோ மூண்டோ வருசம்" என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது.

பல்கலைக்கழக மாணவர்கள், குறிப்பாகப் பகிடிவதை விசாரணையில் அகப்பட்டவர்கள், மூன்று தாள்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: குற்றப்பத்திரம், விசாரணைக் குழுவின் முடிவு, தண்டனை அறிவித்த கடிதம். வகுப்புத்தடை என்று எல்லோரும் சொல்வது விசாரணை முடியும் வரை வளாகத்துக்குள் வரவேண்டாம் என்ற தற்காலிகக் கட்டளையாகவும் இருக்கலாம், விசாரணை முடிந்து தந்த தண்டனையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் பகிடிவதை ஒரு குற்றம். அதற்குச் சிறைத்தண்டனையே உண்டு. ஆகவே பல்கலைக்கழகத்துக்குள் முடிந்ததா, பொலிசுக்கும் போனதா என்று நிச்சயப்படுத்துங்கள். விசாரணை முடியாமல் கிடந்தால், முடித்துத் தரும்படி பதிவாளருக்கு எழுதுங்கள். பேசாமல் படிப்பை விட்டு விலகி, "பிறகு வேறை இடத்திலை பாப்பம்" என்று போனவர்களைக் கண்டிருக்கிறேன். பத்து வருஷம் கழித்தும் அது "நிலுவையில் உள்ள விசாரணை"யாகவே நிற்கும்.

நீதிமன்றம் வரை போனவர்கள்

இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. ஆறுதலாக வாசியுங்கள்.

கைது வேறு, வழக்குத் தொடுத்தல் வேறு, குற்றவாளியாகக் காணப்படுதல் வேறு. படிவத்தில் எந்த வினைச்சொல் இருக்கிறது என்று பாருங்கள். "குற்றவாளியாகக் காணப்பட்டுள்ளீரா?" என்ற கேள்விக்கும் "எப்போதாவது கைது செய்யப்பட்டுள்ளீரா?" என்ற கேள்விக்கும் ஒரே ஆள் வேறுவேறு பதில் எழுத நேரிடும். இரண்டு பதிலும் உண்மையாகவே இருக்கும்.

ஊரில் ஒரு சண்டை. நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. "இழுத்தடிக்காமல் ஒப்புக்கொள்ளு, தண்டத்தைக் கட்டிட்டுப் போவம்" என்று யாரோ சொல்ல, பையன் தலையை ஆட்டித் தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். பிறகு என்னிடம், "எனக்கு ஒரு வழக்கும் இல்லை அண்ணை, தண்டம் மட்டும்தான்" என்பான். ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் தண்டம் கட்டினால் அது குற்றத்தீர்ப்புத்தான். தொகை ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் அப்படித்தான். பொலிஸ்காரர் வீதியில் எழுதித் தந்து, நீதிமன்றம் போகாமல் கட்டும் தண்டப்பணம் வேறு விஷயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் (1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம்) 306ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டு எண்பிக்கப்பட்டாலும், வயதையும் பின்னணியையும் குற்றத்தின் அற்பத் தன்மையையும் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ நீதவான் விட்டுவிடலாம். மாணவர்களுக்கு இது நடப்பதுண்டு. அப்படி விடப்பட்ட ஒருவர், தான் தண்டிக்கப்பட்டதாக நினைத்துப் பத்து வருஷம் தலைகுனிந்து திரிந்தார். வழக்கேட்டைப் பார்த்த அன்றுதான் அவருக்கே தெரிந்தது. மத்தியஸ்த சபையில் சமாதானமாகி முடிந்தவையும் குற்றத்தீர்ப்பு ஆகாது. இணங்கியதற்கான சான்றிதழ் இருந்தால் எடுத்து வையுங்கள்.

ஆகவே ஞாபகத்தை நம்பாமல், வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) போட்டு, கட்டணம் செலுத்திப் பெறலாம். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் பொலிஸ் நிலையத்தின் பெயரும் ஏறக்குறைய மாதமும் தெரிந்தாலே தேடிப் பிடிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு வகைக் கோப்பும் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்து, வைத்திருந்து, வழக்கில்லாமல் விட்டவர்கள். 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முடித்து வந்தவர்கள். புனர்வாழ்வு என்பது நீதிமன்றம் தந்த குற்றத்தீர்ப்பு அல்ல. தடுத்து வைத்ததும் குற்றத்தீர்ப்பு அல்ல. ஆனால் "கைது" என்று கேள்வி வந்தால் பதில் "ஆம்" தான். விடுதலைக் கடிதம், புனர்வாழ்வுச் சான்றிதழ், வழக்கு முடிந்த கட்டளை எதுவாக இருந்தாலும் மூலப்பிரதியை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்துச் சான்றுப்படுத்திக் கொடுங்கள். இந்த விளக்கத்தை எழுத முன் அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியோடு கட்டாயம் உட்காருங்கள். தனியாக எழுத வேண்டாம்.

எந்தக் குற்றம் கனமானது

என் கணிப்பில், அடிதடியைவிடக் களவும் பொய்யும் கனமானவை. பதினேழு வயதில் ஒருவனை அடித்தவன் முப்பது வயதில் அமைதியான சட்டத்தரணியாக இருப்பதை எல்லோராலும் கற்பனை பண்ண முடிகிறது. சான்றிதழில் புள்ளியை மாற்றியவனைப் பற்றி அப்படிக் கற்பனை பண்ணுவது கஷ்டம். காரணத்தை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டத்தரணிகளில் அநேகர் காணி உறுதி எழுதும் நொத்தாரிசுமார். கனடாவில் இருப்பவரின் காணி, இங்கே ஓர் அற்றோணித் தத்துவத்தின் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் எழுத்து அதிகாரம்) மேல், ஒரு கையெழுத்தில் கைமாறுகிறது. கள்ள உறுதி என்ற சொல்லைக் கேள்விப்படாத குறிச்சி இங்கு உண்டா? அதனால் உங்கள் பதிவு பரீட்சை மோசடி, கள்ளக் கையெழுத்து, காசு சம்பந்தப்பட்டது என்றால், விளக்கமும் அதன் பிறகு வந்த வருஷங்களின் ஆதாரமும் கூடுதலாகத் தேவை. அதற்குப் பிறகு எழுதிய பரீட்சைகள், காசுப் பொறுப்போடு செய்த வேலை, அந்த வேலை தந்தவரின் கடிதம். மூன்று மாதத்தில் அவசரமாகச் சேர்த்த சிரமதானச் சான்றிதழ்களைக் கோப்பில் திணிக்காதீர்கள். திகதியைப் பார்த்தவுடனே விளங்கிவிடும்.

விளக்கத்தை எழுதுதல்

அரைப் பக்கம் போதும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் நீங்கள் வாதாடத் தொடங்கிவிட்டீர்கள்.

எங்கள் அலுவலகத் தமிழில் ஒரு வினைச்சொல் இருக்கிறது: இடம்பெற்றது. "இரு பாடசாலை மாணவர்களுக்கிடையே கைகலப்பு இடம்பெற்றது." யார் அடித்தது? ஒருவருமில்லை, கைகலப்பு தானாக வந்து இடத்தைப் பெற்றுக்கொண்டது! பத்திரிகைச் செய்திக்கு அது பொருந்தும், உங்கள் விளக்கத்துக்குப் பொருந்தாது. "ஏற்பட்டது", "நேர்ந்தது", "உட்படுத்தப்பட்டேன்" எல்லாம் அதே குடும்பம். எழுதி முடித்தபின் இந்தச் சொற்களைத் தேடி வெட்டி, அந்த இடத்தில் "நான்" என்று தொடங்கும் வாக்கியத்தை வையுங்கள்.

நான் எழுதிய விளக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"2011ஆம் ஆண்டு, உயர்தர முதலாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, கிரிக்கெட் போட்டி முடிந்து வெளியேறும் வேளையில் வேறொரு பாடசாலை மாணவரை முகத்தில் அடித்தேன். அவர் என்னை முதலில் அடிக்கவில்லை, ஏசினார். அவருடைய உதடு வெடித்தது. மறுநாள் அதிபர் என் தந்தையை அழைத்து என்னை எச்சரித்ததோடு, இரு வாரம் வீட்டில் நிற்குமாறு கூறினார். பாடசாலைப் பதிவின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அதே சம்பவத்தில் உடைந்த கதிரைக்கான பணம் செலுத்தப்படாதிருந்ததை இவ்வாண்டு அறிந்து செலுத்தினேன். பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது. பொலிஸ் முறைப்பாடு செய்யப்படவில்லை. அதன் பின்னர் என் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை."

"ஏசினார்" என்ற சொல்லை வைப்பதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது உண்மை, ஆனால் சாட்டுப் போலவும் கேட்கிறது. கடைசியில், அவர் முதலில் அடிக்கவில்லை என்பதோடு சேர்ந்து நிற்பதால் அப்படியே வைத்துக்கொண்டேன். முதல் வரைவில் "கூடாத சேர்க்கையால்" என்றும் எழுதியிருந்தேன். அதை வெட்டினேன். என் நண்பர்கள் அன்று அடிக்கவில்லை, நான்தான் அடித்தேன்.

மொழிபெயர்ப்பில் கவனம். கொழும்புக்குப் போகும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். "பேர் வெட்டிப் போட்டாங்கள்" என்று நாங்கள் சொல்வது, நீண்ட நாள் வராததால் இடாப்பிலிருந்து பெயரை எடுத்ததாகவும் இருக்கும், ஒழுக்கக் குற்றத்துக்கு வெளியேற்றியதாகவும் இருக்கும். "விலகினார்", "விலக்கப்பட்டார்" இரண்டுக்கும் நடுவில் ஒரு சில எழுத்துத்தான். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் சஸ்பெண்ட் வரவேண்டிய இடத்தில் டிஸ்மிஸ் என்று போட்டுவிட்டால் நீங்கள் செய்யாத குற்றத்துக்கு முத்திரை குத்தியாகிவிடும். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள். சிங்களத்தில் எழுதிய பொலிஸ் வாக்குமூலத்தில் முன்பு கையெழுத்துப் போட்டிருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று யாரையாவது கொண்டு வாசிப்பித்த பிறகே உங்கள் விளக்கத்தை எழுதுங்கள்.

சத்தியக் கடதாசியாகக் கேட்டால் சமாதான நீதவானிடமோ சத்தியப் பிரமாண ஆணையாளரிடமோ முன்னால் நின்று கையெழுத்திட வேண்டும். கையெழுத்தை வீட்டில் போட்டு, முத்திரைக்கு மட்டும் தம்பியை அனுப்பும் பழக்கம் எங்களிடம் உண்டு. சட்டம் படிக்கப் போகிறவர் அதைச் செய்ய வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம்: கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள், சைவர்கள் உறுதி கூறுவார்கள். தட்டச்சுக் கடையில் பழைய பிரதியைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும்போது இது மாறாமல் கிடக்கும். வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நற்சான்று யாரிடம்

அப்பாமார் உடனே எம்பியின் கடிதத் தலைப்பைத் தேடுவார்கள். அல்லது கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் அப்பாவைத்தான் தெரியும். "இவரைச் சிறுவயது முதல் அறிவேன், நற்குணசீலர்" என்ற கடிதத்தை வாசிப்பவர்கள் ஆயிரம் பார்த்திருப்பார்கள்.

நடந்ததை அறிந்த ஒருவர் எழுதுவதே பலமானது. எனக்கு எழுதித் தந்தவர், அன்று என்னை அதிபரின் அறைக்கு இழுத்துப் போன அதே பிரதி அதிபர். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். போய் நின்றேன். "என்னடா, லோயராகப் போறியோ? அப்ப அடிக்க ஆக்களை வைச்சிருப்பாய்" என்று சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, என் விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய கடிதத்தில் "2011இல் இவரைக் கண்டித்தவன் நான்" என்றுதான் முதல் வரி.

நற்சான்று கேட்கும்போது உங்கள் விளக்கத்தின் பிரதியைக் கையில் கொடுங்கள். விஷயம் தெரியாமல் "எந்தக் குற்றச்சாட்டும் இல்லாதவர்" என்று அவர் எழுதிவிட்டால், அவரையும் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள். கிராம அலுவலரின் சான்றிதழ் கேட்டால் அது தனி. அது பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு வர வேண்டும் என்பதால் இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். "அங்கை ஒருத்தருக்கும் தெரியாது" என்று ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா சொல்வதைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் சட்டக் கல்லூரி விண்ணப்பத்திலேயே குணநலக் கேள்வி இருக்கும். பின்னர் வழக்கறிஞர் அனுமதியின்போது அந்த விண்ணப்பத்தை எடுத்து ஒப்பிடுவார்கள். இங்கிலாந்தில் சொலிசிற்றராவதற்கும் ஒன்ராறியோவில் உரிமம் பெறுவதற்கும் நன்னடத்தைத் தேவை உண்டு. அங்குள்ள கேள்விகள் இங்குள்ளவற்றைவிட விரிவானவை. கல்வி நிறுவனம் எடுத்த நடவடிக்கையையும் தனியாகக் கேட்பார்கள். விண்ணப்பித்த பிறகு ஏதாவது நடந்தாலும் அறிவிக்கும் கடமை இருக்கலாம்.

ஏற்கெனவே "இல்லை" என்று எழுதிவிட்டேன்

இதற்குத்தான் இரவு பத்து மணிக்குப் பிறகு அழைப்பு வரும். முதலாம் ஆண்டில் படிக்கிறார், அல்லது இறுதியாண்டு. அன்று படிவத்தில் "இல்லை" போட்டார். இப்போது நித்திரை இல்லை.

முதலில் கேள்வியைத் திரும்ப வாசியுங்கள். படிவத்தின் பிரதி இல்லாவிட்டால் அதைப் பெறுங்கள். அன்று கேட்டது குற்றத்தீர்ப்பை மட்டும்தான், உங்களுக்கு இருந்தது பாடசாலை எச்சரிக்கை என்றால், "இல்லை" சரியான பதில். இப்படிச் சும்மா பயந்தவர்கள் பாதிப்பேர்.

உண்மையிலேயே பிழையாக எழுதியிருந்தால் நீங்களாகத் திருத்துங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். சட்டத்தரணியான பிறகு வெளிவந்தால் அது நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு பேசும் ஏமாற்று என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்தப் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் பெயரையே நீக்கலாம். மாணவராக இருக்கும்போது நீங்களே அனுப்பும் ஒரு கடிதத்துக்கு அந்தக் கனம் இல்லை. சத்தியக் கடதாசியில் பொய் சொல்லியிருந்தால் மட்டும் கடிதம் எழுத முன் சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள், அது தண்டனைச் சட்டக்கோவை வரை போகும் விஷயம்.

கடிதம் நாலு வரி. எந்தப் படிவம், எந்தத் திகதி, எந்தக் கேள்வி. அன்று என்ன எழுதினேன். உண்மை என்ன. ஏன் அப்படி எழுதினேன். பயந்தால் பயந்தேன் என்று எழுதுங்கள். "தவறுதலாக விடுபட்டுவிட்டது" என்று எழுதினால் நீங்கள் திருத்துவது ஒரு பொய்யை, சேர்ப்பது இன்னொன்றை. விளக்கத்தையும் பதிவின் பிரதியையும் இணையுங்கள்.

கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்புவதென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டை உடனே போட்டோப் பிரதி எடுத்துக் கோப்பில் வையுங்கள். கடைச் சீட்டு மாதிரியான கடதாசி என்றால் இரண்டு வருஷத்தில் எழுத்து மங்கிவிடும், உங்களுக்கு அது தேவைப்படும் நாளோ அதற்கும் பிந்தியதாக இருக்கும்.